எஞ்சினை விட்டு கியர்பாக்ஸ் பிரிய மறுக்கிறதா? வீட்டில் கார் வேலை பார்ப்பவர்களின் கேள்விகள்

போல்ட்டெல்லாம் கழற்றியாயிற்று. ஒயர், ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் எடுத்தாயிற்று. கியர்பாக்ஸ் மட்டும் எஞ்சினை விட்டு வர மாட்டேன் என்கிறது. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, பத்து வருடத்துக்கு மேல் ஒரே காரை வைத்திருந்து, தன் கையாலேயே வேலை பார்க்க ஆசைப்படும் நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முன்சக்கரம் இழுக்கும் நான்கு சிலிண்டர் கார்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு வகை வண்டி வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியும்வரை பலத்தைக் காட்டாதீர்கள். கியர்பாக்ஸின் வாய்ப்பகுதியான பெல் ஹவுசிங் அலுமினியத்தில் வார்த்தது. போல்ட் போகும் அதன் காது ஒன்று உடைந்தால் கியர்பாக்ஸே போன மாதிரிதான்.

சிங்கப்பூரில் இந்த வேலையை வீட்டில் செய்யலாமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் முடியாது. அங்கே பழுதுபார்க்கும் வேலைக்கு அனுமதி இல்லை. எஞ்சினை இறக்குவது கண்டிப்பாக அந்த வகையில்தான் சேரும். கொண்டோ என்றால் நிர்வாகக் குழு சம்மதிக்கப் போவதில்லை. ஆக, தரைவீட்டின் முற்றம்தான் மிச்சம். உங்களுடையதாகவோ சொந்தக்காரர்களுடையதாகவோ இருக்கலாம். அது உங்கள் சொந்தக் காராகவும் இருக்க வேண்டும். அடுத்தவர் வண்டிகளை வாங்கிவைத்து வீட்டில் வேலை பார்த்தால் அது தொழில் நடத்துவதாகிவிடும், அந்தச் சட்டமே வேறு.

இடத்தைப் பார்க்கும்போது தரையையும் பாருங்கள். தரைவீட்டு முற்றங்கள் பல, மழைநீர் வடிய வேண்டும் என்று சாக்கடைப் பக்கம் சாய்வாகவே போடப்பட்டிருக்கும். அந்தச் சாய்வில் கிரேனின் சிறு சக்கரங்கள் தானாக உருளும். எண்ணெய் சிந்தினால் அதுவும் அதே பக்கம்தான் ஓடும். மேலே கூரை இல்லாத இடம் என்றால் மத்தியான இடிமழையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து வைத்த கிளட்ச் தட்டிலும் கியர்பாக்ஸின் வாயிலும் மழை இறங்கினால் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும்.

எஞ்சினைத் தனியாக எடுப்பதா, கியர்பாக்ஸோடு சேர்த்தே இறக்குவதா?

பிரியாமல் அடம்பிடிக்கும் வண்டி என்றால் சேர்த்தே இறக்குங்கள் என்றுதான் சொல்வேன். காருக்குள்ளேயே வைத்துப் பிரிக்கப் பார்த்தால் மேல் போல்ட்டுகள் கண்ணுக்கே தெரியாது, கை நுழையாது, நெம்ப இடமிருக்காது. வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டால் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்க்கலாம். வேலை கொஞ்சம் கூடும், ஆனால் பிரிக்கும் நேரத்தில் நிம்மதியாக இருக்கலாம். ஏசி கம்ப்ரஸரை மட்டும் குழாயோடு அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். வாயுவைத் திறந்துவிட வேண்டிய தேவை பெரும்பாலான கார்களில் இருக்காது, திறந்துவிடவும் கூடாது.

எல்லா போல்ட்டும் கழற்றிவிட்டேன். துளியும் அசையவில்லை. ஏன்?

பத்தில் ஏழெட்டுப் பேர் விஷயத்தில் ஒரு போல்ட் எங்கோ விட்டுப்போயிருக்கும் என்பது என் அனுபவம். சத்தியமாக எல்லாம் எடுத்துவிட்டேன் என்பார்கள். விளக்கைப் பிடித்துச் சுற்றிவந்தால் ஒன்று இருக்கும்.

அது ஒளிந்திருக்கும் இடங்கள் வழக்கமானவைதான். ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டுகள் பல வண்டிகளில் கியர்பாக்ஸையும் சேர்த்தே பிடித்திருக்கும். சிலர் ஸ்டார்ட்டரின் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு அதை அங்கேயே விட்டுவிடுவார்கள். அடுத்தது, எல்லா போல்ட்டும் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. சில கியர்பாக்ஸ் பக்கமிருந்து எஞ்சினுக்குள் போகும், இரண்டு மூன்று எஞ்சின் பக்கமிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும். கியர்பாக்ஸ் பக்கம் நின்றுகொண்டு எண்ணினால் இவை கண்ணில் படாது. எண்ணெய்த் தொட்டியின் ஓரத்தில், கீழே, கியர்பாக்ஸோடு சேரும் சிறிய போல்ட்டுகளும் உண்டு. எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை மூடும் தகட்டின் சின்ன போல்ட்டுகளும் அப்படியே. தலை சிறியதாக இருப்பதாலும் கிரீஸ் கலந்த அழுக்கு அப்பியிருப்பதாலும் அங்கே போல்ட் இருப்பதே தெரியாது. வலது பக்க டிரைவ் ஷாஃப்ட்டுக்கு இடையில் தாங்கி இருக்கும் வண்டிகளில், அந்தத் தாங்கி எஞ்சின் பிளாக்கின் பின்பக்கத்தில் பூட்டியிருக்கும். அதன் உள்முனை கியர்பாக்ஸுக்குள் நிற்கும். அதைக் கழற்றாமல் இரண்டும் பிரியாது.

ஒரு வழி சொல்கிறேன். ஓர் அட்டைப்பெட்டியில் பெல் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்துகொண்டு, கழற்றிய போல்ட் ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தில் அட்டையில் குத்தி வையுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் திரும்பப் பூட்டும்போது குழம்பாது. கழற்றாத இடமும் அட்டையில் வெற்றாகத் தெரிந்துவிடும். அழுக்கை முதலிலேயே டிகிரீசர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கழுவிய தண்ணீரைத் தட்டில் பிடியுங்கள், சாக்கடைக்கு விடாதீர்கள்.

கொஞ்சம் திறந்திருக்கிறது, அதற்கு மேல் வரவில்லை. என்ன அர்த்தம்?

அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்த நல்ல தகவல். நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டு அதை அளந்து பாருங்கள். சுற்றிலும் நான்கைந்து இடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தாலே போதும்.

ஒரு பக்கம் திறந்து எதிர்ப்பக்கம் ஒட்டியே இருந்தால், ஒட்டியிருக்கும் பக்கத்தில் போல்ட் ஒன்று இருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்து டாவல் பின் இறுகியிருக்கிறது. டாவல் பின் என்பது எஞ்சினும் கியர்பாக்ஸும் நேராக உட்கார வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் எஃகு முளை. பெரும்பாலான கார்களில் இரண்டு இருக்கும், எதிரெதிராக. சிலவற்றில் உள்ளே போல்ட் போகும்படி குழாய் மாதிரி இருக்கும்.

சுற்றிலும் சமமாக ஒரு சென்டிமீட்டர் சுமார் திறந்து, விட்டதும் மறுபடி மூடிக்கொள்கிறதா? அப்படியென்றால் டாவல் பின் இளகிவிட்டது, பிரச்சினை உள்ளே நடுவில் இருக்கிறது. தானாகக் கியர் மாறும் ஆட்டோ வண்டியில், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் போல்ட் ஒன்று இன்னும் பூட்டியிருக்கும். கையால் கியர் மாற்றும் மானுவல் வண்டியில், கியர்பாக்ஸிலிருந்து எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தட்டிலோ நடுவிலுள்ள சிறு பேரிங்கிலோ பிடித்திருக்கும். இந்த நிலையில் ஓரத்தில் எவ்வளவு நெம்பினாலும் பயனில்லை, நடுவில் இருப்பது வளைவதுதான் மிச்சம்.

எந்தப் பக்கமும் மயிரிழைகூடத் திறக்கவில்லை என்றால் முந்தின கேள்விக்குத் திரும்பிப் போங்கள். போல்ட் நிச்சயமாக இல்லை என்று உறுதியான பிறகுதான் துருவைச் சந்தேகிக்க வேண்டும்.

டார்க் கன்வர்ட்டர் போல்ட் எங்கே இருக்கிறது? எத்தனை?

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சினின் பின்முனையில் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய எஃகுத் தட்டு இருக்கும். அதோடு கன்வர்ட்டரைப் பிணைக்கும் போல்ட்டுகள் மூன்றிலிருந்து எட்டு வரை வண்டிக்கு வண்டி மாறும். ஸ்டார்ட்டரைக் கழற்றிய ஓட்டை வழியாகவோ, அடியில் ஒரு ரப்பர் மூடியையோ தகட்டையோ எடுத்தாலோ ஒரு நேரத்தில் ஒரு போல்ட் மட்டும் எட்டிப்பார்க்கும். எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டுதான் கிராங்க்; அதன் முன்பக்கத்து புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றி, அடுத்த போல்ட்டைக் கொண்டுவர வேண்டும். கழற்றிய ஒவ்வோர் இடத்திலும் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். முழுச் சுற்றுப் போய் முதல் புள்ளி திரும்ப வரும்வரை நிறுத்தாதீர்கள்.

முடிந்ததா என்று சோதிக்க எளிய வழி உண்டு. அதே ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, கன்வர்ட்டரை மட்டும் சுற்றிப் பாருங்கள். கிராங்க் அசையாமல் கன்வர்ட்டர் தனியாகச் சுற்ற வேண்டும். அப்புறம் அதைக் கியர்பாக்ஸ் பக்கமாகத் தள்ளுங்கள். சில மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டும். சுற்றவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை, போல்ட்டும் இல்லை என்றால் கன்வர்ட்டரின் நடு மூக்கு கிராங்கின் குழியில் துருவேறிப் பிடித்திருக்கிறது. ஃபிளெக்ஸ் பிளேட்டின் ஓட்டைகள் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை நடுப்பக்கம் அடித்து, ஒரு ராத்திரி விட்டு, கன்வர்ட்டரின் போல்ட் மேடைகளில் எதிரெதிராகத் தள்ளினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

டாவல் பின் ஏன் இவ்வளவு இறுகுகிறது? எப்படி இளக்குவது?

எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கும். அரித்ததில் வரும் வெள்ளைப் பொடி, தின்ற உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் பின்னைச் சுற்றி நாலாபுறமும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வருடம் முழுவதும் ஈரக் காற்று, கூடவே கடல் உப்பு, அப்புறம் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டி. நம் ஊரில் இதற்குக் கேட்கவே வேண்டாம். மூட்டில் பஞ்சுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அதற்குள்தான் பின் இருக்கும்.

அங்கே துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். டபிள்யூடி-40 சாதாரண டப்பா கிடைத்தால் பரவாயில்லை, ஆனால் இந்த வேலைக்கென்றே இருக்கும் பெனட்ரேட்டிங் எண்ணெய் மேல். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பின் குழாய் வகையாக இருந்தால் போல்ட் ஓட்டைக்குள்ளும் அடியுங்கள். எஞ்சினைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் எண்ணெய் மூட்டுக்குள் இறங்கும். அடித்த ஐந்து நிமிடத்தில் சுத்தியலைத் தூக்குபவர்களுக்கு எண்ணெய் எதுவும் செய்யாது. மாலையில் அடியுங்கள், படுக்கப் போகுமுன் ஒருமுறை அடியுங்கள், மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குங்கள்.

காலையில் பெல் ஹவுசிங்கின் தடித்த விலாப்பகுதியில் மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிப்பதைவிடச் சிறியதாகப் பல அடி நல்லது. அந்த அதிர்வில்தான் பொடி உதிர்ந்து எண்ணெய் உள்ளே போகும். காதுகளிலும் மெல்லிய சுவரிலும் எண்ணெய்த் தொட்டியிலும் அடிக்கவே கூடாது.

அதற்குப் பிறகும் வரவில்லையா? சில பெல் ஹவுசிங்குகளில் தள்ளுவதற்கென்றே மரை போட்ட ஓட்டை இருக்கும். அதில் அளவான போல்ட்டை ஏற்றினால் அதுவே எஞ்சினைத் தள்ளி விலக்கும். இல்லாவிட்டால் நீளமான நட் ஒன்றில் போல்ட்டை ஏற்றி, பிளாக்கின் ஒரு புடைப்புக்கும் ஹவுசிங்கின் எதிர்ப் புடைப்புக்கும் நடுவில் நிறுத்தி, ஸ்பானரால் போல்ட்டை வெளியே திருகுங்கள். கைக்கு அடக்கமான ஜாக் தயார். பெரிய கம்பியால் நெம்புவதைவிட இதை நான் எப்போதும் விரும்புவேன், ஏனென்றால் எவ்வளவு பலம் போகிறது என்று கைக்குத் தெரியும். இப்படி இரண்டு ஜாக்கை எதிரெதிராக வைத்து, இங்கே அரைச் சுற்று, அங்கே அரைச் சுற்று என்று மாறி மாறித் திருக வேண்டும். ஒரே பக்கம் தொடர்ந்து தள்ளினால் பின் கோணலாகி முன்னைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். டிங் என்று ஒரு சத்தம் வந்து இடைவெளி மயிரிழை திறந்தால் நிறுத்தி, அந்தப் புது இடைவெளிக்குள் மறுபடி எண்ணெய் அடியுங்கள்.

உளியை மூட்டில் வைத்து அடிக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான கார்களில் அந்த மூட்டில் எண்ணெய் நிற்பதில்லை, கீறினால் ஒழுகாது என்பது உண்மைதான். ஆனால் உளி பட்ட இடத்தில் அலுமினியம் மேடாக எழும்பும். அந்த மேட்டோடு திரும்பப் பூட்டினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் நேராக உட்காராது. மானுவலில் கிளட்ச் உதறும், ஆட்டோவில் கியர்பாக்ஸின் முன்னாலுள்ள எண்ணெய்ப் பம்பும் அதன் சீலும் தேயும். முதல் இடைவெளியைத் திறக்க ஏதாவது நுழைத்தே தீர வேண்டும் என்றால் பட்டி பூசும் மெல்லிய தகட்டை நுழையுங்கள். நெம்புவது வார்ப்பில் அதற்கென விட்டிருக்கும் தடித்த பள்ளங்களில் மட்டும். ஏற்கெனவே யாரோ உளி வைத்திருந்தால் மேட்டை மட்டும் அரத்தால் மெதுவாகச் சமப்படுத்துங்கள்.

சூடு காட்டலாமா?

காட்டலாம், ஹாட் ஏர் கன் மட்டும். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் பின்னைச் சுற்றியுள்ள ஹவுசிங்கைச் சூடாக்கினால் பிடி தளரும். கேஸ் டார்ச் வேண்டாம். எண்ணெய் அடித்த இடம், பக்கத்தில் பெட்ரோல் குழாயின் மிச்சம், தரையில் துணி. வீட்டு முற்றத்தில் இதெல்லாம் ஒன்றாக இருக்கும்போது தீயைக் கொண்டுபோவது அறிவல்ல. எண்ணெய் அடித்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஹாட் ஏர் கன்னையும் காட்ட வேண்டும். அசிட்டோனும் ஆட்டோ கியர் எண்ணெயும் கலந்து அடிப்பவர்கள் உண்டு. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதை அடித்த இடத்தில் சூட்டுப் பேச்சே கூடாது.

மானுவல் கியர் வண்டி. ஒரு சென்டிமீட்டரில் நிற்கிறது.

முதலில் கியர்பாக்ஸின் எடை எதில் நிற்கிறது என்று பாருங்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால் முழு எடையும் இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் தட்டின் மேல்தான். தட்டு வளையும், ஷாஃப்ட்டும் வராது. ஜாக்கில் தாங்கி, இடைவெளி மேலும் கீழும் சமமாக வரும்வரை உயர்த்திவிட்டு, அப்புறம் இழுங்கள். கியரில் போட்டு, டிரைவ் ஷாஃப்ட் போகும் இரு பக்க ஓட்டைகளிலும் உள்ள கியர்களை ஒரே திசையில் சேர்த்துக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பினால் தட்டின் பற்களில் பிடித்திருக்கும் துரு விடும்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கே அந்த வண்டிக்கு ரசிகர்கள் அதிகம். அதன் பழைய ஐந்து கியர் டர்போ வண்டிகள் பலவற்றில் கிளட்ச் இழுக்கும் வகை. கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோடு மாட்டிக்கொண்டிருக்கும். ஃபோர்க் என்ற கவைக்கோல் அந்தப் பேரிங்கைப் பிடித்திருக்கும். அப்படியே இழுத்தால் இரண்டும் கொஞ்சம் விலகி நின்றுவிடும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் 10 மில்லிமீட்டர் ஆலன் சாவி போடும் மூடி ஒன்று இருக்கும். அதை எடுத்தால் உள்ளே ஃபோர்க்கின் அச்சு தெரியும். அதன் நடுவில் மரை உண்டு. எம்6 போல்ட் ஒன்றை அதில் ஏற்றி அச்சை வெளியே இழுத்துவிட்டால் ஃபோர்க் விடுபடும். இழுக்கும் வகை கிளட்ச் உள்ள மற்ற வண்டிகளிலும் விடுவிக்கும் முறை ஏதாவது இருக்கும். உங்கள் வண்டியின் வொர்க்‌ஷாப் மானுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

ஷாஃப்ட் தட்டில் துருவேறி எதற்கும் மசியவில்லை என்றால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டர் ஓட்டையோ அடி மூடியோ வழிவிட்டால், கிராங்கைச் சுற்றிச் சுற்றி பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். கிளட்ச் முழுவதும் கியர்பாக்ஸோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மேசையில் வைத்து நிதானமாகப் பிரிக்கலாம்.

எஞ்சினே சுற்ற மாட்டேன் என்கிறது. கன்வர்ட்டர் போல்ட்டை எப்படி எடுப்பது?

எஞ்சின் ஏன் நின்றது என்பதைப் பொறுத்தது. திடீர் வெள்ளத்தில் ஓட்டி நின்ற வண்டி என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். 2010 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையே மூழ்கியது நினைவிருக்கும், அப்படிப்பட்ட தண்ணீரில் மாட்டிய வண்டிகளின் கதை இது. தண்ணீரை அழுத்த முடியாது, அதனால் பிஸ்டன் மேலே ஏறாமல் நின்றுவிடும். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் பீறிட்டு வெளியே வரும், கிராங்கும் சுற்றும். முகத்தை மேலே நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். வெகுநாள் சும்மா கிடந்து துருவேறிய எஞ்சின் என்றால் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.

எண்ணெய் இல்லாமல் ஓடி பேரிங் பிடித்துக்கொண்டதோ, கனெக்டிங் ராட் முறிந்ததோ என்றால் சுற்றவே சுற்றாது. அப்போது கன்வர்ட்டரை எஞ்சினோடு விட்டுவிட்டு, கியர்பாக்ஸை மட்டும் அதிலிருந்து உருவ வேண்டியதுதான். கன்வர்ட்டர் கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டில் வெறுமனே நுழைந்துதான் நிற்கிறது, பூட்டியில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் தரையில் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கோணாமல் நேராக இழுத்தால் வரும். ஆட்டோ எண்ணெய் லிட்டர் கணக்கில் கொட்டும், அகலமான தட்டை முன்னாலேயே வையுங்கள். கியர்பாக்ஸின் முன் சீலைப் புதிதாகப் போட்டாக வேண்டும். கன்வர்ட்டரை எஞ்சினிலிருந்து பிற்பாடு கழற்றும்போது எல்லா போல்ட்டும் கண்ணெதிரே இருக்கும். எஞ்சின் எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்பதால் இந்த வழி நியாயமானதே. காருக்குள் வைத்து இதை முயலாதீர்கள், நேராக இழுக்க இடம் கிடைக்காது.

பெல் ஹவுசிங் போல்ட்டின் தலை முறிந்துவிட்டது.

பதற்றம் வேண்டாம். தலை போனால் அது இரண்டையும் அழுத்திப் பிடிக்கவில்லை, வேலையைத் தொடருங்கள். பிரிந்ததும் மிச்சத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருகிவிடலாம். தண்டு ஓட்டைக்குள்ளேயே துருவேறி ஹவுசிங்கைப் பிடித்திருந்தால் அதையும் டாவல் பின் மாதிரியே எண்ணெய் விட்டு இளக்க வேண்டும். தலை வழுக்கத் தொடங்கும்போதே பன்னிரண்டு முனை சாக்கெட்டை வைத்துவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுத்தால் இந்த நிலையே வராது.

சிவிடி, டிஎஸ்ஜி, ஹைப்ரிட் வண்டிகளுக்கும் இதே வழிதானா?

சிவிடி என்பது படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ. அவற்றில் பலவற்றில் டார்க் கன்வர்ட்டர் உண்டு, மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஃபோக்ஸ்வேகனின் உலர் கிளட்ச் ஏழு கியர் டிஎஸ்ஜியில் கன்வர்ட்டரே கிடையாது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸோடு இருக்கும், ஃப்ளைவீலின் பற்களில் நுழைந்து நிற்கும். இல்லாத போல்ட்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிடித்தால் அந்தப் பற்களிலோ டாவல் பின்னிலோதான்.

ஹைப்ரிட்டை வீட்டில் தொடாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிளில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம். பயிற்சியும் காப்புக் கையுறையும் உள்ளவர்கள் செய்யட்டும்.

கிரேன், ஜாக் விஷயத்தில் எதைக் கவனிப்பது?

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சுமார் 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டன் என்று எழுதிய மடக்கு கிரேன் கையைச் சுருக்கினால்தான் இரண்டு டன் தூக்கும். முழுதாக நீட்டினால் அரை டன்தான் பல கிரேன்களுக்கு. கையின் மேலேயே ஓட்டைக்கு ஓட்டை எழுதியிருக்கும்.

ஆபத்தான நொடி தூக்கும்போது வருவதில்லை, பிரியும்போதுதான் வரும். அவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது சட்டென்று விடும். கியர்பாக்ஸ் ஒரு பக்கம் சாயும், சங்கிலியில் தொங்கும் எஞ்சின் எடை மாறி மறுபக்கம் ஆடும். நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். அதனால் தொங்கவிட்டுப் பிரிக்காதீர்கள். பழைய டயர் ஒன்றின் மேல் எஞ்சினை இறக்கி, கியர்பாக்ஸின் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, கிரேன் சங்கிலியைத் தளர்வாக மட்டும் மாட்டி வைத்துக்கொண்டு பிரியுங்கள். இன்னோர் ஆள் கட்டாயம் வேண்டும், அண்ணனோ தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ. ஒருவர் தள்ள, மற்றவர் இடைவெளியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை அன்றைக்கு முற்றத்துப் பக்கம் விடாதீர்கள்.

பழைய எண்ணெயையும் கூலன்ட்டையும் எங்கே கொட்டுவது?

எங்கேயும் கொட்டக்கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வீட்டு முன்னால் ஓடும் சாக்கடைத் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போய், சுத்திகரித்து நம் குழாய்க்கே வருகிறது. அதில் எண்ணெய் விடுவது குற்றம், அபராதமும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் குடிக்கும் தண்ணீர் அல்லவா அது. மூடியுள்ள கலன்களில் எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், கூலன்ட் என்று தனித்தனியாகப் பிடித்து, உங்களுக்குப் பழக்கமான வொர்க்‌ஷாப்பில் கேளுங்கள். உரிமம் பெற்ற கழிவு நிறுவனங்கள் அங்கே வந்து எடுத்துப் போகும். சிந்திய எண்ணெய்க்கு ஒரு மூட்டை மரத்தூளோ பூனை மணலோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டத்தில் வொர்க்‌ஷாப்பைக் கூப்பிடுவது?

போல்ட் விடவில்லை என்று உறுதி, எண்ணெய் விட்டு இரண்டு ராத்திரி ஆகிவிட்டது, இரு பக்கமும் சமமாகத் தள்ளியும் நகரவில்லை. அப்போது கூப்பிடுங்கள். வெடிப்புச் சத்தம் கேட்டாலோ ஹவுசிங்கில் கோடு தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்கெனவே வெளியே இருப்பதால் காரை இழுத்துப் போக வேண்டியதில்லை. பலகையில் கட்டி, டெயில்கேட் உள்ள லாரியில் ஏற்றி, சின் மிங்குக்கோ காக்கி புக்கிட்டுக்கோ உபிக்கோ அனுப்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டியிருக்கும், முன்கூட்டியே பேசி வையுங்கள். நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள், இடைவெளி எங்கே எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் பாதி நேரம் மிச்சம்.

திரும்பச் சேர்க்கும்போது மறுபடி சிக்காமல் இருக்க என்ன செய்வது?

டாவல் பின்னையும் அதன் ஓட்டையையும் பச்சை ஸ்க்ரப்பரால் வெள்ளைப் பொடி போகத் தேய்த்து, மறுபடி இறுகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையை விரல் நுனியில் எடுத்து மெல்லியதாகப் பூசுங்கள். பின் இரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பிரிக்கும்போது ஒன்று கியர்பாக்ஸோடு போயிருக்கும், அல்லது உருண்டு விழுந்திருக்கும். மானுவல் என்றால் இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸ் மிகக் கொஞ்சமாக. அதிகமானால் கிளட்ச் தட்டில் தெறிக்கும்.

ஆட்டோவில் கன்வர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்பதுதான் தலையாய விஷயம். உள்ளே தள்ளிக்கொண்டே சுற்றுங்கள். இரண்டு மூன்று படியாக, ஒவ்வொரு முறையும் டொக்கென்று இறங்கும். முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டதாக நினைத்துப் பலர் பூட்டிவிடுகிறார்கள். ஹவுசிங்கின் விளிம்பில் நேரான ஸ்கேலை வைத்து, கன்வர்ட்டரின் போல்ட் மேடை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, வொர்க்‌ஷாப் மானுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கையால் தள்ளியே மூட வேண்டும். விரலளவு இடைவெளி நிற்கிறதே என்று போல்ட்டைப் போட்டு இறுக்கி மூடினால், கன்வர்ட்டர் பம்பின் மேல் அழுந்தி, ஸ்டார்ட் செய்த உடனே பம்பு உடையும். முழுதாக மூடிய பிறகும் கன்வர்ட்டர் தனியாகச் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டை நோக்கிச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுக்க வர வேண்டும். அது வந்தால்தான் கன்வர்ட்டர் போல்ட்டைப் போடலாம்.

வேறு எஞ்சின் வாங்கிப் போடலாமா?

கழற்றிய அதே எஞ்சினைச் சரிசெய்து திரும்பப் போட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேறு எஞ்சின் என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வண்டியின் பதிவில் எஞ்சின் எண்ணும் இருக்கிறது. மூன்று வருடம் ஆன கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பத்து வருடம் தாண்டிய கார்களுக்கு ஒவ்வொரு வருடமும் பரிசோதனை உண்டு. அங்கே எண் ஒத்துப்போகாவிட்டால் வேலை அத்தோடு நின்றுவிடும். அதனால் பழைய எஞ்சின் விற்பவரிடம் முன்பணம் கொடுக்குமுன் ஆணையத்தின் நிபந்தனைகளைப் படித்து, எந்த எஞ்சினை ஏற்பார்கள், என்ன ஆவணம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் விற்பவர் தரும் ரசீதில் உள்ள எண்ணையும் கடையிலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண் பல எஞ்சின்களில் கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், துணியால் துடைத்தால் தெரியும்.